நெய்யேரி ஹால்ட்டில் வண்டியை விட்டவன்

“எழுந்திருங்க... மொதல்ல அந்த பெஞ்ச வுட்டு எழுந்திருங்க!”

மழைச் சத்தத்தையும் மீறி வந்த அந்தக் குரலுக்குப் பிரதீபா பதறி எழுந்தே விட்டாள். எழுந்த பிறகுதான் கோபம் வந்தது.

யார் இவன்? எதற்கு அதட்டுகிறான்?

தண்டவாளமே இல்லாத ரயில் நிலையம் அது. ஓர் அறை, அதில் ஒரு டிக்கெட் ஜன்னல், முன்னால் நான்கு தூண்களில் நிற்கும் கூரை, கூரைக்குக் கீழே ஒரு சிமென்ட் பெஞ்சு... நெய்யேரி ஹால்ட் என்பது அவ்வளவுதான். மீட்டர் கேஜை எடுத்துவிட்டு அகலப் பாதை போட்டபோது, புதுப் பாதை அரை மைல் கிழக்கே தள்ளிப் போய்விட்டது. ஐந்து வருடமாக இங்கே நிற்க ரயிலும் இல்லை, ஏற ஆளும் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில், நவம்பர் மழையில் தொப்பலாக நனைந்து ஒதுங்கிய ஒரு பெண்ணை விரட்டுவதற்கு ஒருவன்!

“ஏன்? இது உங்க சொந்த பெஞ்சா?”

“இல்லீங்க...”

“பெயின்ட் அடிச்சிருக்கா?”

“இல்ல...”

“பாம்பு கீம்பு ஏதாவது?”

“அதெல்லாம் இல்ல மேடம். நீங்க அங்க உக்காரக் கூடாது... அவ்ளோதான்.”

குடையை மடக்கிக்கொண்டே அவன் கூரைக்குள் வந்தான். திட்டித் தீர்த்துவிட வேண்டும் என்று நிமிர்ந்தவள், அப்போதுதான் அந்தக் கண்களைப் பார்த்தாள். அதட்டிய குரலுக்கும் அந்தக் கண்களுக்கும் சம்பந்தமே இல்லை. ஏதோ தப்பு செய்து மாட்டிக்கொண்டவன் தான்தான் என்பதுபோல அவை தவித்தன. இமை நுனியில் ஒரு மழைத்துளி விழவா வேண்டாமா என்று நின்றது...

‘சே! இமையை எல்லாம் எதுக்குப் பார்க்கிறேன்?’

“காரணம் சொன்னா நிக்கிறேன். சொல்லலேன்னா உட்காருவேன்” என்றவள், சொன்னபடியே மறுபடி உட்கார்ந்தாள். காலை வேறு ஆட்டினாள்.

அந்தச் சமயத்தில்தான் ஏழெட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஊர்க்காரி முனியம்மா கூரைக்குள் ஒதுங்கினாள். பெஞ்சையும் பார்த்தாள், எதிரே நின்றவனையும் பார்த்தாள். வெற்றிலைச் சிரிப்பு காது வரை போனது.

“இன்னாடா ஹரி, கொட்ற மழயில பொண்ணு பாக்கறியா? பொண்ணு லட்சணமாத்தான் கீது. அப்பறம் இன்னா... வண்டிய வுட்ற வேண்டியதுதான்!”

“சும்மா கெட முனிமாக்கா!”

அவன் காது மடல் இரண்டும் சிவந்து போயின. மடக்கிய குடையை விரிக்கக்கூட மறந்து, மழையிலேயே இறங்கி ஓடினான். பிரதீபாவுக்கு ஒன்றும் புரியவில்லை. முனியம்மாதான் ஆட்டின் முதுகைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

ரயில் ஓடிய காலத்தில் நெய்யேரியில் பெண் பார்ப்பது வீட்டில் நடக்காதாம். இந்த பெஞ்சில்தான் நடக்குமாம். பெண்ணும் அவள் வீட்டாரும் ஏதோ ஊருக்குப் போகிறவர்கள் மாதிரி வந்து உட்கார்ந்திருப்பார்கள். செங்கல்பட்டுப் பக்கத்து மாப்பிள்ளை வீட்டார் ஒன்பதே கால் வண்டியில் வந்து இறங்கி, எதிரே நின்று பார்ப்பார்கள். திரும்பிப் போகும் வண்டி பத்தேகாலுக்கு. பிடிக்கவில்லை என்றால் பேசாமல் அதில் ஏறிப் போய்விடுவார்கள். பிடித்திருந்தால் அந்த வண்டியை விட்டுவிட்டு, பெண் வீட்டாரோடு ஊருக்குள் நடப்பார்கள்.

“வூட்டாண்ட வந்து பஜ்ஜி துன்னுட்டு, பொண்ணு வேணாம்னு போனா தெருவே சிரிக்கும். இங்கன்னா வந்தாங்க, போனாங்க... யாருக்கு இன்னா தெரியும் கண்ணு? ‘வண்டிய வுட்டாங்களா?’ன்னுதான் ஊர்ல கேப்போம். வுட்டாங்கன்னா முடிஞ்சிது, கல்யாணந்தான்.”

பிரதீபா மெல்ல, மிக மெல்ல, பெஞ்சிலிருந்து எழுந்தாள். முகம் சுட்டது.

கல்லூரியில் அவளுக்கு எம்.ஃபில். வழிகாட்டியான வரலட்சுமி மேடம், “கல்லையும் மண்ணையும் எழுதாதே பிரதீபா. அங்கே ஏறி இறங்கின மனுஷங்களை எழுது” என்று சொல்லித்தான் இந்த மூடிய ஸ்டேஷனின் வரலாற்றைக் கையில் கொடுத்திருந்தார். முதல் நாளே இப்படி ஒரு விஷயம் கிடைத்ததில் அவள் குதித்திருக்க வேண்டும். ஆனால் கல்பாக்கத்துக்குத் திரும்பிய பஸ் முழுக்க, விழாமல் நின்ற ஒரு மழைத்துளிதான் நினைவில் வந்துகொண்டிருந்தது...

*

ஹரிஹரனிடம்தான் ஸ்டேஷன் சாவி இருந்தது. அவன் அப்பா எல்லப்பன் இருபத்திரண்டு வருடம் அங்கே ஹால்ட் ஏஜென்ட். ரயில்வே சம்பளக்காரர் இல்லை, டிக்கெட் விற்றால் கமிஷன். ஆனாலும் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுப் போட்டுக்கொண்டு, ஸ்டேஷன் மாஸ்டர் தோற்கும் விறைப்போடு நிற்பாராம். ‘கமிஷன் ஆளுக்கு மிடுக்கப் பாரு’ என்று முதுகுக்குப் பின்னால் ஊர் சிரிக்குமாம். ஹரி பி.காம். படித்துவிட்டு மாமல்லபுரத்தில் வேன் ஓட்டுகிறான். கடற்கரைக்கு வரும் சுற்றுலாக்காரர்களை வேடந்தாங்கலுக்கு அழைத்துப் போய்க் கொண்டுவிடுவான்.

அடுத்த சனிக்கிழமை அறையைத் திறந்து காட்டினான். டிக்கெட் அடுக்கும் மர அலமாரி, தேதி குத்தும் இரும்பு யந்திரம்...

“இதுல அட்டைய இப்டி வெச்சி ஒரு இழு இழுத்தா, டக்குனு தேதி வுழுந்துடும். சின்ன வயசுல இந்த சத்தம் கேட்டுகினுதான் தூங்குவேன்.”

“தூங்கறதுக்கு இங்கயா வந்தீங்க?”

“படிக்கறதுக்குன்னு சொல்லிட்டு வந்தேன் மேடம். தூங்கிட்டேன்.”

அவள் சிரித்துவிட்டாள். அவன் சிரிக்காமல் அவள் சிரிப்பதையே பார்த்தான். பிறகு இருவரும் அந்த யந்திரத்தை அக்கறையாகப் பார்க்கத் தொடங்கினார்கள்...

நான்கு சனிக்கிழமைகள். நோட்டுப் புத்தகம் நிரம்பியது. ஸ்டேஷனைப் பற்றி எழுத வேண்டிய பக்கங்களின் ஓரத்தில், தேவையில்லாத குறிப்புகளும் சேர்ந்தன. ‘பேசும்போது கழுத்தைத் தடவிக்கொள்கிறான்.’ ‘டீ குடிக்கும்போது கண்ணை மூடுகிறான்.’ வரலட்சுமி மேடம் பார்த்தால் என்ன சொல்வார் என்று அவளே அடித்தும் விட்டாள்.

எல்லாம் ஐந்தாவது சனிக்கிழமை கெட்டது.

“கட்சி நாளு எப்படி இருந்துது, முனியம்மாக்கா?” என்று, ‘கடைசி’யைக் ‘கட்சி’ என்னும் முனியம்மாவின் பேச்சையே அவளும் பேசிப் பார்த்துக் கேட்டாள். ஸ்டேஷனின் கடைசி நாள்தான் அவள் ஆய்வின் கடைசி அத்தியாயம்.

“அத்தயேன் கேக்கற கண்ணு! அன்னிக்கிதான் நம்ம ஹரி வண்டிய வுட்டான்.”

“யா... யாருக்காக?”

“கீர்த்தனாவுக்காகதான். வேற யாரு? அந்தப் பொண்ணப் பாக்க சிங்கப்பெருமாள் கோயில்லேர்ந்து வந்திருந்தாங்க. இவனுக்கு மெட்ராஸ்ல வேலைக்கி இன்டர்வியூ. பத்தேகாலு வண்டி, அதான் கட்சி வண்டி. மாப்ள வூட்டுக்காரங்க ஏறிட்டாங்க. இவனும் பையோட ஒரு காலு படியில வெச்சான்... அப்பறம் தடால்னு குதிச்சி, பெஞ்சாண்ட போய் நின்னுகினான். ஊரே பாத்துகினு இருந்துச்சி! வேல போச்சி. இன்னா பண்றது... மனசு அப்டி.”

பிரதீபாவின் பேனா நின்றது. மை ஒரு சொட்டு பெரிதாகித் தாளில் ஊறியது.

“அப்புறம் கல்யாணம்?”

“வேல கெடைக்கட்டும்னு சொல்லிகினே ஓட்டிட்டான். அந்தப் பொண்ணு மாமல்லபுரத்துல வேலைக்கிப் போவுது. இவனும் அங்கதான். ஆவும், ஆவும்... எங்க போயிடப் போறாங்க?”

‘நல்ல தகவல்’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள் பிரதீபா. ‘ஆய்வுக்கு ரொம்ப முக்கியமான தகவல்.’ அப்படியானால் அதை ஏன் எழுத வரவில்லை?

கப்பி ரோட்டுக்கு வந்தபோது ஹரியின் வேன் எதிரே வந்து நின்றது. முன் சீட்டில் ஒரு பெண். தலை நிறைய மல்லிகை. ஏதோ சொல்லி ஹரியின் தோளில் பட்டென்று அடித்துவிட்டு, சிரித்துக்கொண்டே இறங்கி ஊருக்குள் நடந்தாள். யாரென்று பிரதீபா கேட்கவே இல்லை. கேட்கத் தேவையும் இல்லை.

அன்றைக்கு பஸ்ஸில் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து எழுதினாள்: ‘கீர்த்தனா. வயது சுமார் இருபத்தாறு. நல்ல உயரம். பல் வரிசை ஒழுங்கு. இவ்வளவு மல்லிகை தேவையில்லை.’

எழுதியதைப் படித்துப் பார்த்தாள். பொறாமையா? எனக்கா? ஒரு வேன்காரனுக்காகவா? கல்பாக்கம் விஞ்ஞானி பாலசுப்ரமணியனின் ஒரே மகள், முதல் வகுப்பு எம்.ஏ.... சீச்சீ! மூடிய ஸ்டேஷன் ஒன்றின் வரலாறு முழுதாகக் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த வாரம் முழுக்கத் தூக்கம் வரவில்லை. கல்லூரியில் பக்கத்துப் பெண் மல்லிகை வைத்துக்கொண்டு வந்தால்கூட எரிச்சலாக வந்தது. வீட்டில் அம்மா பார்வதம் வேறு புதிதாக ஒன்றைத் தொடங்கியிருந்தாள். “பையன் பேரு விஷால். சாஃப்ட்வேர். ஊரப்பாக்கத்துல சொந்த வீடு, ஸ்டேஷனுக்கு நடந்தே போயிடலாமாம். ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வர்றாங்க. அன்னைக்காவது அந்த நோட்டைத் தூக்கிட்டு ஓடாம வீட்டுல இரு.”

வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தவள், திறந்த வாயை மூடிக்கொண்டாள். வரட்டுமே! எல்லாருக்கும் யாராவது வருகிறார்கள்தானே?

*

வெள்ளிக்கிழமை. வேலையே இல்லாமல் நெய்யேரிக்கு வந்தாள். லட்சுமணன் டீக்கடை எதிரில் ஹரி வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் அந்த முகம் மலர்ந்த விதம் இருக்கிறதே... ‘எல்லாரிடமும் இப்படித்தான் மலர்வான் போல’ என்று நினைத்துக்கொண்டாள்.

“இன்னா மேடம், வெள்ளிக்கெழமையே வந்துட்டீங்க?”

“ஞாயித்துக்கிழமை என்னைப் பொண்ணு பார்க்க வர்றாங்க. அப்புறம் நேரம் இருக்காது.”

துணி கண்ணாடியில் அப்படியே நின்றது.

“ஆங்... நல்ல விஷயந்தான.”

“பேரு விஷால். ஊரப்பாக்கம். சாஃப்ட்வேர்.”

“நல்லது மேடம்...”

துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான். அவ்வளவுதானா? அவளுக்குள் ஏதோ அறுந்தது.

“உங்களுக்கு எப்ப?”

“எனக்கு இன்னா?”

“கல்யாணம். கடைசி வண்டியை விட்டவர் ஆச்சே நீங்க. எனக்கு அந்த அத்தியாயம் மட்டும் பாக்கி இருக்கு. நீங்களே சொல்லிட்டீங்கன்னா எழுதிக்குவேன்.”

அவன் முகத்திலிருந்த வெளிச்சம் போய்விட்டது. “அத்த வுடுங்க மேடம். வேற எது வேணா கேளுங்க.”

“ஏன், சொல்ல வெட்கமா? ஊரே பார்க்க ஒரு பொண்ணுக்காகக் குதிக்கத் தைரியம் இருந்தது. அஞ்சு வருஷமா அவளைக் கட்டிக்கத்தான் தைரியம் இல்ல. என்ன ஆம்பளை நீங்க?”

டீ ஆற்றிக்கொண்டிருந்த லட்சுமணனின் கை நின்றுவிட்டது. ஹரி துணியை மெதுவாக மடித்தான். நாலாக, எட்டாக.

“அப்டியே எழுதிக்கோங்க” என்றான். குரலில் கோபமே இல்லை. அதுதான் வலித்தது. “ஊர்ல எல்லாரும் சொல்றதுதான... நீங்களும் எழுதிக்கோங்க.”

வேன் சேற்றை இறைத்துக்கொண்டு போனது. சேறு அவள் மேல் படாமல், எதிர் ஓரமாக ஒதுக்கித்தான் ஓட்டிப் போனான். அதையும் கவனித்தாள். கவனித்துத் தொலைத்தாள்.

லட்சுமணன் டீ கிளாஸை ‘ணங்’கென்று வைத்தார். “ஏம்மா, படிச்ச பொண்ணு பேசற பேச்சா இது? அந்தப் பையன் யாரையும் ஒரு வார்த்த அதிர்ந்து சொல்லமாட்டான்.”

டீயைக் குடிக்காமலே நடந்தாள்.

*

சனிக்கிழமை அவள் மாமல்லபுரத்தில் இருந்தாள். கீர்த்தனாவைப் பார்த்தே ஆக வேண்டும். எதற்கு? ஆய்வுக்கு! பஸ்ஸில் இந்த பதிலைப் பத்து தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

சிற்பிகளின் தெரு முழுக்க உளிச் சத்தம். கடல் காற்றில் கல்தூள் பறந்தது. ஒரு சிலைக் கடையில், சின்னப் பிள்ளையார்களுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டு கீர்த்தனா உட்கார்ந்திருந்தாள். கிட்டத்தில் இன்னும் அழகாக இருந்தாள். இது அநியாயம்.

“வணக்கம். நான் பிரதீபா. நெய்யேரி ஸ்டேஷனைப் பத்தி...”

“அட! பெஞ்சு மேடமா நீங்க?” கீர்த்தனா துள்ளி எழுந்தாள். “வாங்க, வாங்க! ஒரு மாசமா எங்க காது புண்ணாவுது. மேடம் இப்டி சிரிச்சாங்க, மேடம் அப்டி எழுதுனாங்க... அந்த ஹரி வாயத் தொறந்தா வேற பேச்சே கெடயாது. நேத்திலேர்ந்துதான் வாயே தொறக்கல.”

பிரதீபாவுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. தயார் செய்து வந்த கேள்விகள் பத்தும் பறந்துவிட்டன. மிச்சம் இருந்தது ஒன்றுதான்.

“அவர்... உங்களுக்காகத்தானே அன்னைக்கு வண்டியை விட்டார்?”

கீர்த்தனா அவளை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சிரித்தாள்.

“இது புஸ்தகத்துக்குக் கேக்கற கேள்வியா, உங்களுக்காகக் கேக்கறதா?”

“...ஆய்வுக்கு.”

“மூஞ்சியப் பாத்தா ஆய்வு மாதிரி இல்லயே! என் மேல கோவமா வந்தா மாதிரி கீது.”

பிரதீபா தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்துப் பட்டறையில் உளி நின்றது. நெற்றியெல்லாம் கல்தூளாக இருந்த ஒருவன் எட்டிப் பார்த்து, “கீர்த்தி, தண்ணி” என்றான். கீர்த்தனா எழுந்து போய் சொம்பைக் கொடுத்துவிட்டு, அவன் புருவத்தில் இருந்த தூளைத் தன் முந்தானையால் தட்டிவிட்டு வந்தாள்.

“அவுரு பேரு ஏசுபாதம். தை பொறந்தா எங்களுக்குக் கல்யாணம். வேற மதம்னு எங்க வூட்ல வானத்துக்கும் பூமிக்கும் குதிச்சாங்க. வாராவாரம் என்ன வேன்ல ஏத்திகினு போயி, எங்க நைனாகிட்ட உக்காந்து பேசிப் பேசி சம்மதிக்க வெச்சது யாருன்றீங்க? ஹரிதான். போன சனிக்கெழமதான் நைனா தலைய ஆட்டுனாரு. ஊருக்கு இன்னும் சொல்லல.”

“அப்போ... அன்னைக்கு?”

கீர்த்தனா குரலைத் தாழ்த்தினாள். “யார்கிட்டயும் சொல்லாதன்னு சத்தியம் வாங்கிகினான். ஆனா நீங்க அவன தப்பா நெனச்சிகினு போறத பாத்துகினு என்னால சும்மா இருக்க முடியாது. அந்த பெஞ்சுல உக்காந்தா நேரா டிக்கெட் ஜன்னலு தெரியும். மத்தவங்கல்லாம் வண்டியப் பாத்துகினு இருந்தாங்க. நான் மட்டும் உள்ள பாத்தேன். வண்டி நகர்றப்போ எல்லப்பன் மாமா தரையில உக்காந்துட்டாரு. அந்த டிக்கெட் அலமாரியக் கட்டிப் புடிச்சிகினு... கொழந்த மாதிரி அழுதாரு பிரதீபா. அந்த வெறப்பான மனுசன்! ஹரி படியிலேர்ந்து அதப் பாத்துட்டான். குதிச்சி வந்து ஜன்னல மறைச்சிகினு நின்னான். ஊரு பாத்திருந்தா சும்மா வுட்டிருக்குமா? சாவற வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிச்சிருக்கும்.”

பிரதீபாவின் கண் எரிந்தது. கல்தூள்தான். கல்தூளாகத்தான் இருக்க வேண்டும்.

“ஜன்னலுக்கு எதுத்தாப்ல நானு. அவன் மூஞ்சி என் பக்கம். ஊருக்கு அது போதாதா? ‘ஹரி வண்டிய வுட்டுட்டான்’னு கத்துனாங்க. அவன் ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. எனக்கும் அதுல ஒரு நல்லது. மாப்ள வூட்டுக்காரங்க என்ன வேணாம்னுதான் ஏறிப் போனாங்க. ஆனா ஹரி வுட்டதால போனாங்கன்னு ஆயிடுச்சி. அப்பன் மானம், என் மானம்... ரெண்டத்தயும் தலையில வெச்சிகினு அஞ்சு வருசமா பேசாம கீறான்.”

கீர்த்தனா மெழுகுத் துணியைக் கையில் எடுத்தாள். அப்புறம் வைத்தாள்.

“நீங்க நேத்து இன்னா கேட்டீங்க அவன?”

பிரதீபா நோட்டுப் புத்தகத்தைப் பைக்குள் வைத்தாள். என்ன ஆம்பளை நீங்க என்று கேட்டதை, எந்த வாயால் சொல்வாள்?

*

அன்று இரவு சாப்பாட்டின்போதே அப்பாவிடம் சொல்லிவிட்டாள். “ஊரப்பாக்கம் வேண்டாம்ப்பா.”

அம்மா கரண்டியை வைத்துவிட்டு ஏதோ சொல்ல வந்தாள். பாலசுப்ரமணியன் கையைக் காட்டி நிறுத்தினார். “காரணம்?”

“நாளைக்குக் காலையில சொல்றேன்ப்பா.”

“காரணம் இல்லாம நான் எதையும் ஒத்துக்கறதில்ல, உனக்கே தெரியும். அவங்க நாலு மணிக்கு வர்றவங்க. மத்தியானத்துக்குள்ள சொல்லு, போன் பண்ணிடறேன். இல்லேன்னா வரட்டும்.”

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு மாமல்லபுரத்து வேன் ஸ்டாண்டில் தூறல் போட்டுக்கொண்டிருந்தது. ஹரியின் வேனில் வேடந்தாங்கல் போகிற குடும்பம் ஒன்று, பைனாகுலரைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஹரி பானெட்டைத் திறந்து உள்ளே குனிந்திருந்தான். நிமிர்ந்தவன் அவளைக் கண்டதும் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே போட்டான்.

“இன்னிக்கி உங்களுக்கு... வூட்ல...”

“கீர்த்தனாவைப் பார்த்தேன்.”

அவன் குனிந்து ஸ்பானரை எடுத்தான். “சொல்லிடுச்சா?”

“எல்லாம்.”

ஸ்பானரைத் துணியில் துடைத்தான். “அப்பா பேர எழுதிடாதீங்க மேடம். உங்க கால்ல வேணா வுழறேன். அந்த மனுசன் தாங்கமாட்டாரு.”

“எழுத மாட்டேன். ஒரு வரி எழுத மாட்டேன். கடைசி நாள் என்ன நடந்ததுன்னு ஆய்வுக்கு வேண்டவே வேண்டாம். வண்டி வந்தது, போனதுன்னு எழுதினா போதும். நான் ஆய்வுக்காகக் கேக்கவே இல்ல.”

“பின்ன எதுக்குங்க?”

சொல்லிவிடலாம். சொல்லத்தான் வந்தாள். ஆனால் இத்தனை வருடம் முதல் வகுப்பில் தேறிய நாக்கு, இப்போது பார்த்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது...

“பொறாமை” என்றாள். சொல்லிவிட்ட பிறகு நிறுத்த முடியவில்லை. “பொறாமைதான். அவ உங்க தோள்ல அடிச்சதைப் பார்த்து, அவ பூவைப் பார்த்து, நீங்க அவளுக்காகக் குதிச்சீங்கன்னு கேட்டு... எனக்குப் பைத்தியமே பிடிச்சது. அதுலதான் உங்களை அப்படி ஒரு வார்த்தை கேட்டேன். அந்த வார்த்தைக்கு எனக்கு மன்னிப்பே கிடையாது. இருந்தாலும் கேக்கறேன். மன்னிச்சுடுங்க.”

தூறல் அவள் முகத்தில் வழிந்தது. எது மழை, எது கண்ணீர் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஹரி கழுத்தைத் தடவிக்கொண்டான். கிரீஸ் கறுப்பாகப் பட்டது.

“வெள்ளிக்கெழம சாயங்காலம் ஒரு சவாரி வந்துச்சி” என்றான் சம்பந்தமில்லாமல். “நேத்து ரெண்டு. மூணயும் வாணாம்னு திருப்பி அனுப்பிட்டேன்.”

“ஏன்?”

“ஊரப்பாக்கம் போவணும்னாங்க.”

அவளுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. பிறகு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து முட்டின.

“அந்த ஊரு பேரக் கேட்டாலே பத்திகினு வருது. நான் யாரு உங்களுக்கு? வேன் ஓட்றவன். பெரிய எடத்துப் பொண்ணு... ஆசப்படக் கூடாதுன்னு எனக்கு நானே ஆயிரம் தபா சொல்லிகினேன். மனசு கேக்கல பிரதீபா.” ‘மேடம்’ என்ற சொல் எங்கோ விழுந்து போயிருந்தது. அவன் கவனிக்கவில்லை. “உன்ன எனக்குப் புடிச்சிருக்கு. ரொம்பப் புடிச்சிருக்கு.”

வேன் ஜன்னல் வழியாக ஒரு பைனாகுலர் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

“டிரைவர் சார்,” என்றார் அந்தக் குடும்பத்தின் அப்பா, தொண்டையைச் செருமி, “பறவை எங்கேயும் போயிடாது. நாங்க பக்கத்து வண்டியிலே போய்க்கறோம். நீங்க உங்க வேலையைப் பாருங்க.”

*

கல்பாக்கம் குடியிருப்பின் வாசலில் காவலாளி முனிசாமி தடுப்புக் கம்பத்தை இறக்கியே வைத்திருந்தார். வெளி வண்டி எதுவானாலும் நோட்டில் எழுதினால்தான் உள்ளே விடுவார். பிரதீபா ஸ்கூல் போன நாளிலிருந்து பார்ப்பவர்.

“இன்னா பாப்பா, வாடகை வேனா?”

“இல்லண்ணே. வீட்டுக்கு வர்றவர்.”

“பேரு?”

“ஹரிஹரன். நெய்யேரி.”

“யாரப் பாக்க?” அவரே எழுதிக்கொண்டார். “பாலசுப்ரமணியன் ஐயா. சரி... உறவுன்னு ஒரு கட்டம் கீதே. அதுல இன்னா போடட்டும்? டிரைவர்னு போட்டுடறேன்.”

“குடுங்கண்ணே, நான் எழுதறேன்.”

இறங்கிப் போய் பேனாவை வாங்கினாள். மணி பத்து. உள்ளே அப்பா செய்தித்தாளோடு, காரணம் கேட்கக் காத்திருப்பார். அம்மா அழுவாள். நிறையப் பேச வேண்டியிருக்கும், ஒரு நாளில் முடியாது. அவள் எழுதிவிட்டு வந்து ஏறினாள்.

“இன்னா எழுதின?”

“போய்ப் படிச்சுட்டு வாங்களேன்.”

எஞ்சினை நிறுத்தாமலே ஹரி இறங்கிப் போனான். நோட்டின் மேல் குனிந்தான். முனிசாமியும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கூடவே குனிந்து, எழுத்துக் கூட்டி, ஊருக்கே கேட்கிற குரலில் படித்தார்.

“வ-ருங்-கா-லக் கண-வர்...”

கம்பம் தானாக உயர்ந்தது போல உயர்ந்தது. பின்னால் நின்ற ஸ்கூட்டர் ஹாரன் அடித்தது. அதற்குப் பின்னால் ஒரு ஜீப்பும் அடித்தது. கிரீஸ் கறை படிந்த விரலை அந்தக் கட்டத்துக்கு அருகில் வைத்தபடி, படித்ததையே மறுபடி மறுபடி படித்துக்கொண்டு, ஹரி அங்கேயே நின்றுகொண்டிருந்தான்...